கொடைக்கானல் ஏரியும் பிரையண்ட் பூங்காவும்: எது இயற்கை, எது மனிதர் ஆக்கியது?

கொடைக்கானல் ஏரி இயற்கையாக அமைந்ததா, அதன் அருகிலுள்ள பிரையண்ட் பூங்கா எப்படி வந்தது, அந்த மலைக்கே உரிய இயற்கையை இன்று எங்கே காணலாம் என்று மூன்று கேள்விகள் சேர்த்துக் கேட்கப்பட்டுள்ளன. சுருக்கமான விடை இது: ஏரி 1863-ல் கரை கட்டித் தேக்கப்பட்டது, பூங்கா 1908-ல் ஒரு வன அதிகாரியால் வடிவமைக்கப்பட்டது, பயணிகள் இயற்கை என்று நம்பிப் படமெடுத்துக்கொள்ளும் பைன் காடு உட்பட, நகரைச் சூழ்ந்த காட்சிகளில் பெரும்பகுதி கடந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மனிதர் கையால் மாற்றப்பட்டது. மூன்றாவது கேள்விக்கான விடை இந்த இரண்டையும் புரிந்துகொண்ட பிறகே தெளிவாகும் என்பதால், ஏரிக்கு முன்னால் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கிப் பிரியும் கிளையே பழனி மலை. மேற்கே ஆனைமலையோடு ஒட்டியும் கிழக்கே திண்டுக்கல் சமவெளியை நோக்கித் தாழ்ந்தும் கிடக்கும் இம்மலையின் உயர்ந்த பகுதி, கூரிய சிகரங்களாக இல்லாமல், ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் அலையலையாக விரிந்த பீடபூமியாக இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனைமலையில் பெரும்பகுதி மழையைக் கொட்டிவிட்டு வருவதால், கொடைக்கானலுக்கு அதிக மழையைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமே. இந்தப் பீடபூமியின் பழைய தோற்றம் மூன்று உறுப்புகளால் ஆனது: மேடுகளிலும் சரிவுகளிலும் புல்வெளி, மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் சோலை என்று வழங்கும் குட்டை மரக் காடு, அடிவாரக் குழிகளில் சதுப்பு. பனிக்காலத்தில் திறந்த சரிவுகளில் உறைபனி படிவதால் பெரும்பாலான சோலை மரங்களின் கன்றுகள் அங்கே பிழைப்பதில்லை. எனவே மரங்கள் மடிப்புகளுக்குள் ஒதுங்க, சரிவுகள் புல்லுக்கே உரியவையாயின. வெளியிலிருந்து வந்தவர்கள் அந்தப் புல்வெளியை மரம் அழிந்த தரிசு என்று நினைத்தார்கள். பின்னால் நேர்ந்த பல கேடுகளுக்கு அந்த நினைப்பே வேர்.

புல்லின் அடர்ந்த வேர்களும் சதுப்பின் கரிய மண்ணும் மழைநீரைப் பிடித்து வைத்து, மழை ஓய்ந்த மாதங்களிலும் ஓடைகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இன்று ஏரி இருக்கும் கிண்ணம் அப்படிப்பட்ட ஒரு சதுப்புதான். சுற்றுமேடுகளிலிருந்து இறங்கிய சிற்றோடைகள் அங்கே கூடி, பிறகு ஒரு வாய்க்கால் வழியே கிழக்கே மலைச்சரிவில் விழுந்தன. ஆகவே நீர் அங்கே எப்போதும் இருந்தது. பரந்த நீர்ப்பரப்புதான் இல்லை.

ஐரோப்பியர் 'கண்டுபிடிக்கும்' வரை மலை ஆளில்லாமல் கிடந்தது என்ற எண்ணம் பல சுற்றுலாக் கையேடுகளில் சொல்லாமலே சொல்லப்படுகிறது. அது தவறு. தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கங்களில் பெருங்கற்காலக் கல்லறைகள் இருக்கின்றன. ஆங்லேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் அவற்றை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928-ல் வெளியிட்டது. பளியர் என்னும் பழங்குடியினர் இந்தக் காடுகளில் நெடுங்காலமாக வாழ்ந்துவருபவர்கள். பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் போன்ற ஊர்களில் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி வேளாண்மை செய்யும் குடிகள் இருந்தன. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இந்தப் படிநிலங்களின் விளைச்சல். ஏரிக்கரையில் நகரம் இல்லை என்பதுதான் உண்மையே தவிர, மலையில் மக்கள் இல்லை என்பது உண்மையில்லை.

1821-ல் லெப்டினன்ட் வார்டு என்ற நில அளவை அதிகாரி இந்த மலையை அளந்தார். நகரம் உருவானதற்குக் காரணம் அளவையோ அரசாங்கமோ அன்று, காய்ச்சலும் காலராவும்தான். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் 1834-ல் மதுரையில் ஒரு கிளையைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குள் அவர்களில் பலர், குறிப்பாகக் குழந்தைகள், நோயில் மாண்டனர். உடல் தேறுவதற்கு ஓர் உயரமான இடம் தேடியவர்கள் முதலில் சிறுமலையைப் பார்த்தார்கள். அங்கும் மலேரியா விடவில்லை. பின்னர் பழனி மலையின் உச்சிக்கு ஏறி, 1845-ல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். சன்னிசைடு, ஷெல்ட்டன் என்று பெயரிடப்பட்ட அந்த இரண்டு வீடுகளே கொடைக்கானல் நகரின் தொடக்கம். பிற மலைவாசஸ்தலங்களில் முதலில் அதிகாரி வந்தார், பிறகு பாதிரியார் வந்தார். இங்கே வரிசை தலைகீழ். உதகையைப் போல அரசின் கோடைக்காலத் தலைநகராக இது ஒருபோதும் ஆகாமல், ஓரளவு அடக்கமான ஊராக நெடுநாள் நீடித்ததற்கு இந்தத் தொடக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

ஏரியைக் கட்டியவர் வேர் ஹென்றி லெவிஞ்ச். 1860-களில் மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த இவர், ஓய்வுபெற்ற பிறகு கொடைக்கானலிலேயே குடியேறி, 1885-ல் இறக்கும்வரை அங்கே வாழ்ந்தார். 1863-ல் சதுப்பின் வாயில் கரை எழுப்பி ஓடைகளைத் தேக்கச் செய்தார். ஏரியில் மீன் விடச் செய்தார். தூத்துக்குடியிலிருந்து ஒரு படகை மேலே கொண்டுவந்தார். இந்தக் கடைசிச் செய்தியை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. மலைக்கு அப்போது வண்டிப்பாதையே இல்லை. பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வழியாகச் செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மட்டக்குதிரையிலோ, ஆட்கள் தூக்கும் டோலியிலோதான் பயணிகள் வந்தார்கள். மாவு மூட்டையிலிருந்து பியானோ வரை எல்லாம் கூலிகளின் தலையிலும் தோளிலும் ஏறியவை. படகும் அப்படித்தான் ஏறியிருக்க வேண்டும். ஏரியைப் பார்த்தபடி லெவிஞ்சுக்கு ஒரு நினைவுச் சிலுவை நிற்கிறது. மண் வெட்டிக் கரை போட்டவர்களின் பெயர் எங்கும் இல்லை.

அதே நூற்றாண்டில் இதே முறை வேறு மலைகளிலும் கையாளப்பட்டது. உதகையில் ஜான் சல்லிவன் 1820-களில் ஏரி அமைத்தார். இலங்கையின் நுவரெலியாவில் ஆளுநர் வில்லியம் கிரிகரி 1873-ல் சதுப்பு நிலத்தைத் தேக்கினார், இன்றும் அது கிரிகரி ஏரி என்றே வழங்குகிறது. குளிர்ந்த மேட்டு நிலத்தில் ஒரு சதுப்பைக் கண்டால் அதை ஏரியாக்கி, கரையில் பாதை போட்டு, படகு விட்டு, பக்கத்தில் ஒரு பூங்கா வைப்பது அக்காலத்து ஆங்கில அதிகாரிகளுக்குக் கைவந்த திட்டமாக இருந்தது. தங்கள் ஊர் நிலக்காட்சியை இங்கே எழுப்பிக்கொள்ளும் ஆசை அதில் தெரிகிறது.

கொடைக்கானல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். சுற்றளவு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அதிக ஆழம் 11 மீட்டர் அளவில் இருந்தாலும் சராசரி ஆழம் 3 மீட்டர்தான். நட்சத்திர வடிவம் என்று எல்லோரும் சொல்வது பொய்யன்று, ஆனால் அதை யாரும் வரைந்து வெட்டவில்லை. ஓடைகள் அரித்துவைத்த பள்ளங்களுக்குள் தேங்கிய நீர் ஏறிப் புகுந்தபோது ஒவ்வொரு பள்ளமும் ஒரு கையாக நீண்டது. ஆக, கரை மனிதர் செய்தது, வடிவம் நிலம் தந்தது. ஏரியிலிருந்து வழியும் நீர், வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஊருக்கு 8 கிலோமீட்டர் முன்னால் பேருந்துகள் நிற்கும் வெள்ளி அருவியாக விழுகிறது. 180 அடி உயர அருவியை ரசிப்பவர்களில் பலருக்கு, மேலே நகரின் நடுவே தாங்கள் படகு விடப்போகும் அதே நீர்தான் இது என்று தெரிவதில்லை. அருவியின் அடியில் குளிக்கும் முன் தெரிந்துகொள்வது நல்லது.

1890-ல் படகுக் கழகம் அமைந்தது. 1910-ல் புதிய படகுத்துறை கட்டப்பட்டது. உறுப்பினர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த அந்தக் கழகம் 1932-ல் பொதுமக்களையும் தற்காலிக உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. இதற்கிடையில் ஊரை அடையும் வழியும் மாறியிருந்தது. 1875-ல் ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்தது. அந்த நிலையம்தான் இன்றைய கொடைக்கானல் ரோடு. மேஜர் லா என்பவரின் மேற்பார்வையில் தொடங்கிய வத்தலக்குண்டு மலைச்சாலை, பணமின்றி நீண்ட காலம் நின்று, முதல் உலகப் போர்க் காலத்தில்தான் மோட்டார் வண்டிகளுக்குத் திறந்தது. டோலி வழக்கொழிந்தது, செண்பகனூர்ப் பழம்பாதை நடைப்பயணக்காரர்களுக்கு மட்டும் மிஞ்சியது. ஏரியின் வரலாற்றில் கரை கட்டியதற்கு அடுத்தபடியான பெரிய நிகழ்ச்சி இந்தச் சாலைதான்.

பிரையண்ட் பூங்கா ஏரியின் கிழக்குப் பக்கத்தில், 20 ஏக்கருக்குச் சற்று அதிகமான நிலத்தில் இருக்கிறது. எச். டி. பிரையண்ட் என்ற வன அதிகாரி 1908-ல் இதைத் திட்டமிட்டு அமைத்தார். இன்று தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை பராமரிக்கிறது. மரம், செடி, கொடி, கள்ளி என்று முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகளும், தனியாக ஒரு ரோஜாத் தோட்டமும், பெரணிகளும் ஆர்க்கிட்களும் வைத்த கண்ணாடி மாளிகையும், செடி விற்கும் நாற்றங்காலும் உள்ளே இருக்கின்றன. ஆண்டுதோறும் மே மாதம் கோடை விழாவையொட்டி மலர்க் கண்காட்சி நடக்கும். அதற்கான டேலியா, சால்வியா, பேன்சி முதலிய நாற்றுகளைப் பல மாதங்களுக்கு முன்பே நட்டு, மே மாதத்தில் எல்லாம் ஒருசேரப் பூக்கும்படி தோட்டக்காரர்கள் கணக்கிட்டுப் பார்த்துக்கொள்கிறார்கள். உறைபனி இரவுகளில் இளஞ்செடிகளைக் காப்பது இதில் கடினமான வேலை.

பூங்காவின் மிகப் பழைய உயிர் 1857-ல் நடப்பட்டதாகக் குறிக்கப்படும் ஒரு யூகலிப்டஸ் மரம். அதாவது பூங்காவுக்கு அரை நூற்றாண்டு முந்தையது, ஏரிக்கும் மூத்தது. ஆனால் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. கொடைக்கானலின் 'பழமை' எவ்வளவு சிக்கலானது என்பதற்கு இந்த ஒரு மரம் போதும். ஆயினும் பூங்காவைக் குறை கூற எனக்கு மனமில்லை. தான் ஒரு தோட்டம் என்பதை அது மறைக்கவில்லை. பாத்தி கட்டி, பெயர்ப்பலகை வைத்து, வெளிநாட்டுப் பூக்களை வெளிநாட்டுப் பூக்களாகவே காட்டுகிறது. என் குறையெல்லாம் வேலிக்கு வெளியே காடு என்ற பெயரில் நிற்பவற்றின் மீதுதான்.

பைன் மரங்களைக் கொடைக்கானலில் நடத் தொடங்கியவரும் இதே பிரையண்ட்தான். விறகுக்கும் மரத்துக்குமாகத் தொடங்கிய இந்த நடவு, சுதந்திரத்துக்குப் பிறகு பல மடங்கு பெருகியது. தோல் பதனிடும் தொழிலுக்குப் பட்டை வேண்டுமென்று வாட்டில் என்னும் ஆஸ்திரேலிய மரம், செயற்கைப் பட்டு ஆலைகளுக்குக் கூழ் வேண்டுமென்று யூகலிப்டஸ் என, 'தரிசு' என்று எழுதப்பட்ட புல்வெளிகள் ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் தோப்புகளாயின. பயிரிட்டதோடு வாட்டில் நிற்கவில்லை. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, வெட்டினாலும் எரித்தாலும் முளைக்கும். செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்யப்பட்டு 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கும் சோலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் போய்விட்டதைக் காட்டியது. அந்த இடத்தைத் தோப்புகளும் விளைநிலங்களும் பிடித்துக்கொண்டன. நீரைப் பிடித்து மெல்ல விடும் புல் போனால், மழையில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமாக ஓடைகள் மாறுவது இயல்பு. படகு போகும் ஏரி நிரம்பியிருக்கும் மே மாதத்திலேயே ஊரின் தெருக்களில் தண்ணீர் லாரிகள் ஓடுவதன் காரணங்களில் இதுவும் ஒன்று, கோடைக்கூட்டம் மற்றொன்று. குடிநீருக்கு ஏரியை நம்ப முடியாது. நகரம் மனோரத்தினம் சோலை முதலிய தனி நீர்த்தேக்கங்களை நம்பியிருக்கிறது.

சோலைகளில் எஞ்சியிருப்பது மதிப்புமிக்கது. பழனி மலையிலும் அதற்கு அண்டையிலுள்ள மலைகளிலும் மட்டும் வாழும் பழனிச் சிரிப்பான் என்ற பறவையை அறிவியல் உலகம் 1869-ல் அறிந்தது. ஃபேர்பேங்க் என்ற அமெரிக்க மிஷனரி சேகரித்த மாதிரியைக் கொண்டு பிளான்ஃபோர்டு என்ற இயற்கையியலாளர் அதை விவரித்து, ஃபேர்பேங்கின் பெயரையே அதற்கு வைத்தார். வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் அதே கைவழியாக அறியப்பட்டதுதான். இயேசு சபையினர் 1895-ல் செண்பகனூரில் நிறுவிய கல்லூரியில் வளர்ந்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இம்மலையின் உயிரினங்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோய் என்னும் சோலை மரத்தை, வட்டக்கானலில் வாழ்ந்து மறுநடவில் ஈடுபட்ட ராபர்ட் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் தம்பதியர் மீண்டும் கண்டறிந்தார்கள். 2013-ல் 608 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டுமாடுகள் ஏரிச்சாலையிலும் வீட்டுத் தோட்டங்களிலும் நடமாடுவதை விலங்குகள் பெருகியதன் அடையாளமாகச் சிலர் கருதுகிறார்கள். மேய்ந்துகொண்டிருந்த புல்வெளி தோப்பானதும் அவற்றை ஊருக்குள் தள்ளியிருக்கிறது என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஏரியைப் பற்றிப் பேசும்போது பாதரசத்தை விட்டுவிட முடியாது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று 1980-களில் கொடைக்கானலின் புனித மேரி சாலையில் இயங்கத் தொடங்கி, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. 2001-ல் ஊரின் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு குவிந்திருப்பதை ஊர் மக்கள் வெளிப்படுத்தினார்கள், தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தொழிற்சாலை வளாகத்தின் சரிவு பாம்பார் சோலையை நோக்கி இறங்குகிறது, ஏரியை நோக்கி அன்று. ஆனாலும் 2006-ல் வெளியான ஆய்வொன்று ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டது. ஆவியாகிக் காற்றோடு போகும் உலோகம் நீர்ப்பிரிமேட்டை மதிப்பதில்லை. நீரில் சேர்ந்த பாதரசத்தின் ஒரு பகுதியை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுவதும், அது மீனின் தசையில் சேர்ந்துகொண்டே போவதும்தான் இதிலுள்ள அபாயம். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்படிக்கை 2016-ல்தான் கையெழுத்தானது. படகில் போவதால் பயணிக்குத் தீங்கு எதுவும் இல்லை. வண்டலைக் கிளறித் தூர்வாரும் எந்தத் திட்டமும் இந்த வரலாற்றை மனத்தில் வைத்தே தீட்டப்பட வேண்டும் என்பதே பொறுப்புள்ளவர்கள் வலியுறுத்துவது.

மற்றொரு சுமை கட்டடங்கள். ஏரியின் நீர்ப்பிடிப்பு சிறியது. அதன் மேல் விடுதிகள் எழும்போது கழிவுநீர் போக வேறு வழி இல்லாவிட்டால் ஏரிக்கே வரும், நீர்க்களைகள் செழிக்கும். 1985-ல் தொடங்கிய பழனி மலைப் பாதுகாப்பு மன்றம், விதியை மீறி ஏழு தளங்களாக எழுந்த ஒரு விடுதிக்கு எதிராக 1990-களில் நடத்திய வழக்கு நீதிமன்றத்தில் வென்று, கூடுதல் தளங்களை இடிக்க உத்தரவு பெற்றது. அதன் பிறகும் விதிமீறல் நின்றுவிடவில்லை. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 36,501. கோடை வார இறுதிகளில் வருவோரின் எண்ணிக்கை இதனோடு போட்டியிடும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்னும் இணையவழி முன்பதிவு கட்டாயமாயிற்று. 2025 கோடைக்கு வார நாள்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. வியாபாரிகளின் எதிர்ப்பு புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் குறுகிய மலைச்சாலைகளும் சிறிய நீர்ப்பிடிப்பும் உள்ள ஊருக்கு இப்படியொரு வரம்பு தவிர்க்க முடியாதது என்றே நான் கருதுகிறேன்.

இனி மூன்றாவது கேள்வி. சோலையைக் காண வட்டக்கானல் பக்கம் பாம்பார் சோலையின் ஓரமாக நடந்தாலே போதும். பாசி படர்ந்த குட்டையான மரங்களுக்குள் நுழைந்தவுடன் வெப்பம் குறைவதும் வெளிச்சம் மங்குவதும் பைன் தோப்போடு ஒப்பிட வைக்கும். பைன் தோப்பின் தரையில் ஊசியிலைக் குவியலைத் தவிர அதிகம் எதுவும் வளராததைக் கவனியுங்கள். பேரிஜம் ஏரி வன எல்லைக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். அதுவும் ஒரு சதுப்பைத் தேக்கி உருவானதுதான், பெரியகுளத்துக்குக் குடிநீர் தருவது. ஆனால் கரையில் விடுதிகள் இல்லாததால் கொடைக்கானல் ஏரி முற்காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று அங்கே ஊகிக்கலாம். புல்வெளியின் எச்சம் மன்னவனூர்ப் பக்கம் ஓரளவு இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது, அடுத்து 2030-ல் பூக்க வேண்டும். அதற்கு முன்னால் சென்றால், சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியான ஆஸ்திரேலியப் பெண்மணி லீலாவதி 1936-ல் கட்டிய குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் போய், வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்து பழனியைப் பார்க்கலாம். மலர்க் கண்காட்சிதான் நோக்கமென்றால் மே மாதம். மலையைப் பார்ப்பது நோக்கமென்றால் வடகிழக்கு மழை ஓய்ந்து ஓடைகள் நிறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். அப்போது விடியற்காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும், கம்பளி அவசியம்.